மக்கு நாத்தும் மூணு வெரக்கட சாராயமும்

அடேய் பேராண்டி, அந்தப் பக்கம் எங்கடா நழுவுற? வா, இப்படி இஸ்தோப்புல ஒக்காரு. ஏச மாட்டேன். ஏசுறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும். தெம்பு குடுக்குற சாமான் போத்தல்ல இருந்துச்சு, இப்பக் காணோம்.

அந்தப் போத்தல்ல நான் கரிக்கட்டியால ஒரு கோடு போட்டு வச்சிருக்கிறது உனக்குத் தெரியாது. உங்க அப்பாயிக்குத் தெரியும். அவ என்னைய நம்பறதுக்காகத்தான் அந்தக் கோடே. கோடு ஒரு எடத்துல நிக்குது, சாராயம் அதுக்கு மூணு வெரக்கட கீழ நிக்குது. குடிச்சவன் வாயி நாறும். உன் வாயி நாறல. பின்னால தகரக் கொட்டாயில வச்சிருக்கியே செவ்வந்தி நாத்துத் தட்டு, அதுதான் நாறுது. இந்தத் தோட்டத்துல முனியாண்டிக்கு ஊத்தினதப் பாத்திருக்கேன், மதுரவீரனுக்கு ஊத்தினதப் பாத்திருக்கேன், ஸ்டோருல மெசினு நிக்காம ஓடணும்னு ரோதமுனிக்கு ஊத்தினதையும் பாத்திருக்கேன். செவ்வந்தி வெதைக்குப் படையல் போட்ட மொத மனுசன் நீதான்.

தெரியும், தெரியும். அந்த வெள்ளப் பொடி தண்ணியில லேசுல கரையாது, ஆல்ககால்ல கரையும்னு போன்ல எவனோ சொல்லியிருக்கான். ஜிப்ரலிக் அமிலம். பேரு நல்லாத்தான் இருக்கு. உங்க அக்கா பேராதனையில விவசாயம் படிச்ச நாலு வருசமும், லீவுக்கு வந்தா இந்த இஸ்தோப்புலதான் சத்தமாப் படிப்பா. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனா காது நல்லாக் கேக்கும், கேள்வி கேக்க வாயும் இருந்துச்சு. அதனால இப்ப நான் சொல்லப் போறதுல பாதி அவ படிப்பு, பாதி என் தவறணை.

தவறணைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நமக்குத் தவறணைன்னா நாத்துமேடை. யாழ்ப்பாணத்துல இருந்து பள்ளிக்கொடத்துக்கு வந்த வாத்தியாரு ஒருத்தருகிட்ட, "நான் முப்பது வருசம் தவறணையிலயே கெடந்தவன் ஐயா"ன்னு பெருமையாச் சொன்னேன். மனுசன் என்னை ரொம்ப எரக்கமாப் பாத்தாரு. அவுங்க பக்கம் தவறணைன்னா கள்ளுக்கடையாம். நீ செஞ்சிருக்கிற வேலைக்கு ரெண்டு அர்த்தமும் பொருந்துது, போ.

சரி, மொதல்ல அந்தப் பொடி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க. கொழும்புல இருந்து கூரியர்ல வந்துச்சுன்னு சொல்லாத. அதுக்கு முந்தி. ஜப்பான்காரன் நெல்லு வயல்ல ஒரு சீக்கு இருந்துச்சு. நாலு நாத்து மட்டும் மத்ததெல்லாம் தாண்டி வெடுக்குன்னு ஒசந்து நிக்கும். பாக்குறவனுக்கு சந்தோசமா இருக்கும், இந்த வருசம் வெளைச்சல்தான்னு. ஆனா அது வெளிறிப் போயி, ஒல்லியா, காத்தடிச்சா ஒடிஞ்சு விழும். தப்பிச்சு நின்னாலும் கதிர்ல மணி இருக்காது. அவுங்க அதுக்கு வச்ச பேரு "பக்கானே". நம்ம பாசையில சொன்னா மக்கு நாத்து. 1926ல, தைவான் ஜப்பான் ஆட்சியில இருந்தப்ப, அங்க குரோசாவான்னு ஒரு ஆளு இதப் புடிச்சு ஆராய்ஞ்சாரு. சீக்குக்குக் காரணம் ஒரு பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்த வளத்த தண்ணிய வடிகட்டி, பூஞ்சணமே இல்லாத வெறுந்தண்ணிய நல்ல நாத்துக்கு ஊத்தினாரு. நல்ல நாத்தும் மக்கு நாத்தாப் போயிருச்சு. அப்ப குத்தம் பூஞ்சணத்து ஒடம்புல இல்ல, அது துப்புற எச்சில்ல இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. 1935ல தோக்கியோவுல யாபுத்தான்னு இன்னொருத்தரு, ஜிபரெல்லாங்கிற அந்தப் பூஞ்சணத்துப் பேர வச்சே எச்சிலுக்கு ஜிபரெல்லின்னு பேரு போட்டாரு. யுத்தம் முடிஞ்சப்புறம் வெள்ளக்காரனும் அமெரிக்காக்காரனும் அதக் கையில எடுத்து, எச்சிலப் பொடியாக்கி போத்தல்ல அடச்சான். இன்னைக்கும் அந்தப் பூஞ்சணத்தப் பீப்பாயில புளிக்க வச்சுத்தான் பொடி எடுக்கிறாங்க.

ஆக, நீ காசு குடுத்து வாங்கி, என் சாராயத்துல கரச்சு ஊத்தினது, பூஞ்சணத்து எச்சில். இப்ப கொட்டாயிக்குப் போயி உன் செவ்வந்திய ஒரு தரம் பாத்துட்டு வா. போக வேணாம், நானே சொல்றேன். லைட் போஸ்ட் மாதிரி ஒசந்து, வெளிறி, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, கலியாண வீட்டுல ராமுழுக்கக் கண்ணு முழிச்ச பொடியங்க மாதிரி நிக்குது. ஜப்பான் போகாமலே ரத்தோட்டையில மக்கு நாத்து வளத்துட்ட. உங்க அக்கா இதுக்கு நாலு வருசம் படிச்சா.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. செவ்வந்திக்கு எதுக்குடா மருந்து? அது தூங்கினாத்தானே எழுப்பணும்? செவ்வந்தி வெதை ஈரத்தக் கண்டா நாலாம் நாள் அஞ்சாம் நாள் மொளச்சிடும். ஜினியாவும் அப்படித்தான். காசித்தும்பைக்கு நீ ஒண்ணுமே செய்ய வேணாம், காய் வெடிச்சு அதுவே தன்னை வெதச்சுக்கும். மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமகத்துக்கு அஞ்சு தேரும் ரோட்டுக்கு வர்ற அன்னைக்கு மாலைக்குப் பூ விக்கணுங்கிறது உன் யோசனை. நல்ல யோசனை. அதுக்கு ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் முந்தி வெதச்சாப் போதும். தேரு எழுவது நாள் கழிச்சு வருது, நீ மொளைக்கிற நாலு நாள மூணு நாளாக்க எச்சில் பொடி வாங்குற. பஸ் எட்டு மணிக்கு, நீ விடியக்காலம் நாலு மணிக்கு ஸ்டாண்டுல போயி நின்னு, ஓடுறதுக்குக் காலத் தேச்சுக்கிட்டு இருக்கிற கணக்கு.

அந்தப் பொடி கெட்டதுன்னு நான் சொல்லல. அது வெதைக்குள்ளயே இருக்கிற சாமான்தான். எப்படி வேல செய்யுதுன்னு சொல்றேன், கேளு. பழைய காலத்துல தோட்டத்துல அரிசிக் காம்பிரா இருக்கும். உள்ள மூட்டை மூட்டையா அரிசி. ஆனா ஆபீசுல இருந்து சீட்டு வந்தாத்தான் காம்பிராக்காரன் அளப்பான். சீட்டு வராட்டி, பிள்ள அழுதாலும் கதவு தொறக்காது. வெதையும் அதே ஏற்பாடு. பார்லி மணிய எடுத்துக்க, அதுலதான் இத நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க. உள்ள மாவு இருக்கு. ஓரத்துல குருத்துக்குட்டி படுத்திருக்கு. தண்ணி உள்ள போனதும் குட்டி முழிச்சு ஒரு சீட்டு எழுதி, மாவச் சுத்தி இருக்கிற தோலுக்கு அனுப்பும். அந்தச் சீட்டுதான் ஜிபரெல்லின். தோலு அதப் பாத்துட்டு ஒரு நொதியக் கசிய விடும், நொதி மாவ சீனியாக்கும், குட்டி அதத் தின்னுட்டு வேரு விடும். பீர் செய்யிற கம்பனிக்காரங்க பார்லிய வெரசா மொளைக்க வைக்க இதே பொடியப் போடுறதும் உண்டு. பாத்தியா, சாராயத்துக்கும் இதுக்கும் ஒறவு இருக்கத்தான் செய்யுது. ஆனா அவன் வெதையில இருந்து குடிக்கிற சாமானுக்குப் போறான், நீ குடிக்கிற சாமான்ல இருந்து வெதைக்கு வந்திருக்க.

சீட்டு எழுதுற ஆளு இருந்தா, சீட்டக் கிழிக்கிற ஆளும் இருப்பான்ல? அதுக்கு அப்சிசிக் அமிலம்னு பேரு. பெரட்டுக்களத்துல பேரு குடுக்கப் போனா, "இன்னைக்கு வேல இல்ல, போ போ"ன்னு வெரட்டுற கணக்கப்பிள்ளை மாதிரி. சில வெதையில அந்த ஆளு கை ஓங்கி இருக்கும், குட்டி எழுதுற சீட்டு எடுபடாது. அந்த எடத்துலதான் உன் பொடிக்கு வேல. வெளிய இருந்து நீ ஒரு கள்ளச் சீட்டு எழுதி உள்ள தள்ளுற. அவ்வளவுதான் அதோட மகிமை.

அந்த ஆளு எதுக்கு வெரட்டுறான்? வெதை ஒண்ணும் சோம்பேறி இல்ல. நம்ம மாத்தளைப் பக்கம் ஆவணியில ஒரு நாள் சும்மா ஒரு பாட்டம் மழ தூறிட்டுப் போவும். அத நம்பி மொளச்சது பத்தே நாள்ல கருகிரும். ஐப்பசி கார்த்திகையில கெழக்க இருந்து வர்ற மழதான் நெசமான மழ. அது வரைக்கும் படுத்திருக்கிறவனுக்குத்தான் வம்சம். பனி பெய்யிற தேசத்துச் செடிக்கு இன்னும் பெரிய பயம். புரட்டாசியில விழுந்த வெதை ஒடனே மொளச்சா, மார்கழிப் பனியில செத்துப் போவும். அதனால மாசக் கணக்கா ஈரக் குளிரப் பாத்தாத்தான் அது எழும்பும். குளிர் கழிஞ்சுது, பனிக்காலம் போயிருச்சுன்னு அதுக்கு அப்பத்தான் நம்பிக்கை வரும்.

இப்ப உன் லாவெண்டருக்கு வருவோம். மொகத்தத் திருப்பாத. ஒறையில ஊதாப் பூவாக் காட்டி, ஒரு வெள்ளக்காரச்சி தொப்பி போட்டு நடுவுல நிக்கிற படம். அந்த வெதை குளிருக்குக் காத்துக் கெடக்கிற சாதி. அதுக்கு இந்தப் பொடி பிடிக்கும், ஒப்புக்கிறேன். பொடி உள்ள போனதும் பனிக்காலம் முடிஞ்சு போச்சுன்னு அது நம்பும். நீ அதுகிட்டப் பொய் சொல்லி எழுப்பிட்ட. எழும்பி வெளிய வந்து பாக்குது, நம்ம ரத்தோட்டை. மத்தியானம் தகரம் கொதிக்குது. ஊட்டுக்கு வான்னு கூப்பிட்டவன் பாய் போட எடமும் பாத்து வச்சிருக்கணும். எழுப்பத் தெரிஞ்ச உனக்கு அதக் குடி வைக்க எடம் எங்கடா? நுவரெலியாவுல உங்க மாமன் இருக்கான், அவன் வாசலுக்கு அனுப்பு. அங்கயாவது பொய் பாதி நெசமாகும்.

நீல ரோசா வெதை வாங்கினியே, அதப் பத்திப் பேசவே கூடாதுன்னு இருந்தேன். ஜப்பான்ல சன்டோரிங்கிற கம்பனி வருசக் கணக்கா மெனக்கெட்டு, வேற பூவோட மரபணுவ ரோசாவுக்குள்ள புகுத்தி, 2004ல தான் நீல ரோசா வந்திருச்சுன்னு சொன்னான். 2009ல கடைக்கு வந்துச்சு. அதையும் பாத்தவங்க நீலம்னு சொல்ல மாட்டாங்க, கத்தரிப்பூ கலர்ம்பாங்க. அவன் அதப் பூவாத்தான் விக்கிறான். உனக்கு மட்டும் நூறு வெதைய ஒறையில போட்டு, கப்பல் கூலியும் இல்லாம அனுப்பியிருக்கான். அது மொளச்சா எனக்கும் காட்டு. தக்காளியா இருந்தா ரசம் வைக்கலாம்.

தாமரைக்கும் பொடி போட்டியாமே! இத நெனச்சு நான் தனியா ஒக்காந்து சிரிச்சேன், அப்பாயி வந்து நெத்தியத் தொட்டுப் பாத்தா. தம்புள்ளைப் பக்கத்துக் கொளத்துல இருந்து கொண்டாந்த கொட்டை, கோலிக்குண்டு மாதிரி கறுப்பா இருக்கும். அது தூங்கல. கதவத் தாழ் போட்டுட்டு உள்ள முழிச்சிக்கிட்டு இருக்கு. அந்த ஓட்டுல தண்ணி எறங்காது. தண்ணியே எறங்காத எடத்துல உன் மருந்து எப்படி எறங்கும்? மூணு நாள் பொடித் தண்ணியில போட்டு வச்சியே, மூணு வருசம் போட்டு வச்சாலும் அது அப்படியே இருக்கும். சீனாவுல காஞ்ச ஏரி அடியில இருந்து எடுத்த தாமரைக் கொட்டை ஒண்ணு, வயசு கிட்டத்தட்ட 1,300 வருசம், மொளச்சுதுன்னு 1995ல எழுதினாங்க. அத்தன வருசம் காத்தது அந்த ஓடுதான். அதுக்கு மருந்து நம்ம வாசப்படி. சிமெந்துப் படியில கொட்டையோட ஒரு பக்கத்த உரசு. கறுப்புப் போயி, உள்ள வெள்ள தெரியிறப்ப நிறுத்து. ரொம்ப உரசிக் குட்டியக் கொல்லாத. ஒரு கிளாசு தண்ணியில போட்டா மறுநாளே ஊதி நிக்கும், ஒரு வாரத்துக்குள்ள பச்சையா மூக்கு நீட்டும். செலவு ஒண்ணும் இல்ல. படிதான் கொஞ்சம் தேயும், அது ஏற்கெனவே உன் செருப்புல தேஞ்சது. கல்வாழை வெதைக்கும் இதே வைத்தியம். ஒறைக்குள்ள மணி மாதிரி உருளுதே, அதான்.

இதுக்கு நேரெதிர் சாதியும் இருக்கு. தூங்கவே தெரியாதது. நம்ம தோட்டத்துக் கீழ்ப்பக்கம் கொக்கோ நிக்குதே, அந்தக் கொட்டையக் கழுவிக் காய வச்சு அடுத்த மாசம் நட்டுப் பாரு. காய்ஞ்ச அன்னைக்கே செத்திரும். சாதிக்காயும் அப்படி. பூச்செடியில அந்தூரியம். உங்க அத்த வீட்டு அந்தூரியத்துல மணி பழுத்து நின்னப்ப நீ பறிச்சு, டிசூ பேப்பர்ல மடிச்சு, அல்மாரியில வச்சு, மூணு மாசம் கழிச்சு பொடித் தண்ணியில போட்ட. பழுத்த அன்னைக்கே பிதுக்கி, வழவழப்பக் கழுவிட்டு, ஈரப் பாசி மேல வச்சிருக்கணும். செத்ததுக்குச் சீட்டு அனுப்பி என்ன பிரயோசனம்? அரிசிக் காம்பிராவுல ஆளே இல்லடா.

செத்ததா தூங்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்கப்பன் காலத்துல தேயிலையையும் கொட்டை போட்டுத்தான் நட்டாங்க, வெட்டி நடுற வீ.பி. குச்சியெல்லாம் பின்னால வந்தது. கொட்டையத் தண்ணியில கொட்டுவாங்க. மெதக்கிறது ஒரு பக்கம், முழுகுறது ஒரு பக்கம். முழுகினத ஈர மணல்ல பரப்பி, சாக்கு மூடி, ஓடு வெடிக்கிறதப் பாத்துப் பாத்துப் பொறுக்கி நடுவாங்க. வெடிக்காதத அவுங்க நம்பல. இதையே பின்னால பெரிய வித்தையா ஒரு அமெரிக்கா மனுசன் செஞ்சாரு. நார்மன் டெனோன்னு பேரு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல ரசாயன வாத்தியாரு. ஈரப் பேப்பர் துண்டுல வெதைய மடிச்சு, பொலித்தீன் பைக்குள்ள போட்டு, ஒண்ண அறைச் சூட்டுல, ஒண்ண பிரிஜ்ல, ஒண்ணுக்கு பல்லுக்குத்துற குச்சி நுனியில தொட்ட அளவு ஜிப்ரலிக் பொடின்னு, ஆயிரக்கணக்கான செடிய இப்படியே சோதிச்சு, 1990கள்ல தன் கைக்காசுல புத்தகம் போட்டாரு. அவரு எழுதினதுல எனக்குப் பிடிச்சது எது தெரியுமா? ஒவ்வொரு வெதைக்கும் ஒவ்வொரு கொணம்னு சொன்னதுதான். சிலதுக்கு இந்தப் பொடி இல்லாட்டி எழும்பாது, சிலது கண்டுக்கவே கண்டுக்காது, சிலதுக்கு அதே பொடி கேடு.

நீயும் பத்து வெதைய எடு. அஞ்சு வெறுந்தண்ணி, அஞ்சு பொடித் தண்ணி. ரெண்டு பையி, மேல பேரு, தேதி. வெறுந்தண்ணியிலயே அஞ்சும் எழும்பினா பொடிய மூடி வை. நீ என்ன செஞ்ச? எல்லாத்தையும் பொடியில போட்ட. இப்ப மொளச்சது பொடியாலயா, தன்னாலயான்னு முனியாண்டிகிட்டத்தான் கேக்கணும்.

பெட்டூனியாவையும் பெகோனியாவையும் அரை அங்குலம் மண்ணுக்குள்ள பொதச்சிட்டு, வரல வரலன்னு பொடி ஊத்தினது இன்னொரு கூத்து. பெட்டூனியா ஒரு கிராம்ல பத்தாயிரம் வெதை இருக்கும், பெகோனியா அதுக்கும் பொடிசு, தும்மினாப் போயிரும். அதுக்கெல்லாம் வெளிச்சம் பட்டாத்தான் சீட்டு எழுதவே கை வரும். மேலாப்புல தூவி, தண்ணியத் தட்டுக்கு அடியில ஊத்தி, கண்ணாடி மூடி வை. வெளிச்சத்துக்கு பதிலா உன் பொடி சிலதுல வேல செய்யும்தான். ஆனா சூரியன் கூரியர் காசு கேக்குறதில்லையே.

சரி, இனிமே உண்மையிலேயே பொடி வேணுங்கிற வெதைக்குக் கரைக்கிற மொறையக் கேட்டுக்க. சாராயத்துல மூணுல ஒரு பங்கு சொச்சம்தான் ஆல்ககால். மிச்சம் தண்ணியும் கலரும் என் ஆயுசும். அதுல பொடி முழுசாக் கரையாது, ஆனா வெதை வெந்துரும். பாமசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சின்னப் போத்தல் வாங்கு. பொடி நனையிற அளவுக்கு நாலஞ்சு சொட்டு, அவ்வளவுதான். குலுக்கி, பொடி மறஞ்சதும் அதக் கொண்டுபோயி தண்ணியில ஊத்து. வாளியக் கொண்டாந்து பொடி மேல கவுத்தாத. வெதைக்கு ஸ்பிரிட் சேரவே கூடாது, பொடிக்குத்தான் அது.

அளவு. லேபல ஒரு தரம் வாசி. ஒரு பொடி தொண்ணூறு சதவீதம் மருந்து, இன்னொண்ணு மாத்திரையா வரும், அதுல இருவது சதவீதம்தான் மருந்து, மிச்சம் மாவு. நூறு மில்லிகிராம் மருந்து நூறு மில்லிலீட்டர் தண்ணியில இருந்தா 1,000 பி.பி.எம். அதுக்கு மேல போகாத. அதையே இன்னொரு பங்கு தண்ணியோட சேத்தா 500, அதையும் பாதியாக்கினா 250. மொத தரம் 250ல இருந்து ஆரம்பி. ஒரு நாள் ஊற வை, எடுத்து நல்லாக் கழுவு, வெத. மில்லிகிராம நம்ம தராசுல நிறுக்கப் போயிராத. கொழுந்து மடுவத்துத் தராசுல அம்பது வருசமா உங்க அப்பாயி கொழுந்து எப்பவும் ரெண்டு கிலோ மெலிஞ்சுதான் ஏறியிருக்கு. கைக்கு வசதி என்னன்னா, ஒரு கிராம் பொட்டலத்த முழுசா ஒரு லீட்டர்ல கரச்சிரு. வீணாப் போனாலும் கணக்குத் தப்பாது. கரச்சத அன்னைக்கே பாவிச்சிரு, மிச்சம் இருந்தா வெளிச்சம் படாம பிரிஜ்ல வை. நம்ம சூட்டுல அது நாள் போகப் போக வலு கொறையும்.

பாத்திரம் வேற வை. நீ கலக்கினது என் சாயத்தண்ணிக் கோப்பையில. மறுநாள் காலையில நான் அதுலதான் குடிச்சேன். அன்னையில இருந்து கதவு நெலையில ஒசரத்தக் கோடு போட்டுப் பாக்குறேன், ஒரு நூலு கூட வளரல. பொடி மட்டமான பொடியோ என்னமோ.

எதுத்த லயத்து மாரியாயி எளநித் தண்ணியில ஊற வைக்கச் சொன்னாளாம். அவ சொன்னதுலயும் சூட்சுமம் இருக்கு, சிரிக்காத. 1941ல அமெரிக்காவுல ஊமத்தைக் குருத்துக்குட்டி, வெதைக்குள்ள முத்தாத பச்சக்குட்டி, அதத் தனியா எடுத்துக் கண்ணாடிக் குழாயில வளக்கப் பாத்தாங்க. வளரல. தேங்காத் தண்ணி சேத்தாங்க, வளந்துச்சு. அதுக்குள்ள இருக்கிற செல்லு பெருக வைக்கிற சாமான்களத் தேடிப் போயித்தான் சைட்டோகைனின்னு ஒரு தனிக் குடும்பத்தையே கண்டுபிடிச்சாங்க. ஓர்கிட் வெதை தூசி மாதிரி, உள்ள ஒரு பருக்க சோறு கூட இல்லாம வரும். காட்டுல ஒரு பூஞ்சணம் ஊட்டினாத்தான் மொளைக்கும். 1922ல நட்சன்னு ஒருத்தரு பூஞ்சணம் இல்லாம சீனி சேத்த பாசிக்கூழ்ல மொளைக்க வச்சாரு. இன்னைக்கு அந்தக் கூழ்ல எளநித் தண்ணி ஊத்துற ஆளுங்க நெறைய. ஆனா அதெல்லாம் கிருமி போக அவிச்ச கண்ணாடிக்குள்ள. நீ கொட்டாயில ராத்திரி முழுக்க வெதைய எளநியில போட்டு வச்சா, காலையில வெதை இருக்காது, கள்ளு இருக்கும். நான் வேணாங்கல.

வேர் விடுற பவுடர வெதையில தடவினது யாரு சொல்லி? அது ரோசாக் குச்சிக்கும் போகன்வில்லாக் குச்சிக்கும் உள்ளது. வெதை வேரோடதான் பொறக்குது, அதுக்கு எதுக்கு வேர் பவுடர்?

அடுப்பு மேல பரண்ல வெதைய ஏன் தொங்க விட்டிருக்கன்னு நீ கேட்டப்ப அப்பாயி, "பூச்சி வராதுடா"ன்னா. சிங்கள ஊர்கள்ல சோளக் கதிர் அப்படித்தான் பொகையில தொங்கும், தும் மெஸ்ஸம்பாங்க. பொகை பூச்சிய வெரட்டும், ஈரத்தையும் எடுக்கும். வெதையோட ஈரம் ஒரு சதவீதம் கொறஞ்சா ஆயுசு ரெண்டு மடங்குன்னும், சூடு அஞ்சு பாகை கொறஞ்சா இன்னொரு ரெண்டு மடங்குன்னும் உங்க அக்கா படிச்சா. நீ வெதை ஒறையெல்லாம் டீவி மேல அடுக்கியிருக்க. அதுமட்டுமில்ல, 2004ல அவுஸ்திரேலியாக்காரங்க பொகைக்குள்ள ஒரு சாமானப் பிரிச்சு எடுத்தாங்க, காடு எரிஞ்சப்புறம் வெதைய எழுப்புறது அதுதானாம். இதச் சொன்னதுல இருந்து அப்பாயி அடுப்புக்கு முன்னால ஒக்கார்ற தோரணையே மாறிப்போச்சு. புது காஸ் அடுப்பு வேணாங்கிறா.

என்னடா எந்திரிக்கிற? இன்னும் ஒண்ணு இருக்கு. கிட்ட வா. அப்பாயி காதுல விழக் கூடாது.

ரிவஸ்டன் போற ரோட்டுல புரட்டாசி வாக்குல ஊதாப் பூவாப் பூக்குமே, நடுவுல மஞ்சளா, பினரன்னு சொல்வாங்க. சிங்களத்துல அந்த மாசத்துக்கே அதுதான் பேரு. நம்ம நாட்டுலயே பொறந்த பூ. அந்த நார்மன் டெனோ இருந்த அதே பல்கலைக்கழகத்துல, வேற ஆளுங்க நம்ம பினரவக் கொண்டுபோயி கலப்பினம் பண்ணி, தொட்டியில வளக்கிற பூவாக்கப் பாடுபட்டாங்க. பென்சில்வேனியாவுல நம்ம மலைப் பூவுக்கு மரியாத, நீ லாவெண்டர் வாங்குற. காட்டுல போயி கைய வச்சிராத. அந்த நக்கிள்ஸ் மலை 2000ல இருந்து காப்புக் காடு, 2010ல உலக மரபுரிமையும் ஆயாச்சு, ஒரு செடி பிடுங்கினாலும் கேசு. இலுக்கும்புரவுல என்கூடத் தவறணையில கெடந்த ஒரு கூட்டாளி வீட்டு வாசல் தொட்டியில அது நிக்குது. போன மாசம் மாத்தளைச் சந்தையில பாத்தப்ப, ஒரு சிட்டிகை வெதையப் பேப்பர்ல மடிச்சுக் குடுத்தான். வெதையா அது? தூசி. பிரிச்சப்ப ஒரு தும்மல் வந்து, பாதி போச்சு.

மிச்சத்த ரெண்டு சட்டியில மேலாப்புல தூவினேன். நான் சொன்ன மாதிரியே. ஒண்ணுக்கு வெறுந்தண்ணி, ஒண்ணுக்கு உன் பொடி. ஆமாடா, உன் பொடிதான். நீ வெளிய போனப்ப ஒரு குச்சி நுனி எடுத்தேன். பாமசி பூட்டியிருந்துச்சு, ஞாயித்துக்கெழமை. அதனால கரைக்கிறதுக்கு... சரி விடு. மூணு வெரக்கட கொறஞ்சுதுன்னேனே, அதுல ஒண்ணர வெரக்கட உன் கணக்கு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில பலகை மறைவுல, ஜன்னல் வெளிச்சம் பட வச்சிருக்கேன். இன்னைக்கு இருவத்தோராம் நாள். காலையில கண்ணாடியப் போட்டுக் குனிஞ்சு பாத்தா, ஒரு சட்டியில பச்சையா ஊசி முனை மாதிரி அஞ்சாறு நிக்குது. மத்ததுல ஒண்ணும் இல்ல. எதுல பொடின்னு தெரியணுமே, அதுக்காக ஒரு சட்டியில கரிக்கட்டியால கோடு போட்டு வச்சிருந்தேன். முந்தாநாள் வெள்ளிக்கெழமை, அப்பாயி வீட்ட மெழுகினா. சட்டி ரெண்டையும் தொடச்சு, அழகா அடுக்கி வச்சிருக்கா.

கோடு எந்தச் சட்டியில இருந்துச்சுன்னு அவகிட்ட நீ கேளு. நான் கேட்டா எதுக்குன்னு கேப்பா.